எண்பத்தேழு பேரும் ஒரு கோடும்

ஹலோ… ஹலோ, கொனாடு அப்பாவா? கேக்குதா?… சரி, கேட்டுக்குங்க. நம்ம கல்யாணத்தோட விலை இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. மாசம் இருபது டாலர்… ஆமா, இருபதுதான். பத்தொம்போது வருஷம், கொனாடுன்னு ஒரு பொண்ணு, உங்க அம்மாவுக்கு நான் இடிச்சுப் போட்ட ஃபுஃபுக் களி, எல்லாம் சேர்த்து மாசம் இருபது டாலர். பேரம்கூடப் பேசாம வித்துட்டீங்க.

… குடிக்கல. வியாழக்கிழமை மத்தியானம் யாரு குடிப்பா?… கடையிலதான். குமாசியில வேற எங்க இருப்பேன்? பந்தல் துணி மூட்டைக்குப் பின்னாடி நின்னு பேசறேன்… தெரியும், அக்ராவுல உங்களுக்கு ஆயிரம் கம்ப்யூட்டர் காத்துக்கிட்டிருக்கும். காத்துக்கிட்டிருக்கட்டும். அதுங்களுக்கு என்ன, பசிக்கப் போகுதா?

… எந்த இருபது டாலரா? அதான், போன வருஷம் எங்க கடைக்குப் போட்டுக் குடுத்தீங்களே அந்த முடிச்சு. விற்பனைப் புத்தகத்துக்கும் வேலைப் பட்டியலுக்கும் நடுவுல… ஆமா, ஆமா, தெரியும், நூறு தடவை சொல்லியிருக்கீங்க. சாவு வீட்டுக்காரங்க பந்தல் வேணும், சேர் வேணும்னு விசாரிச்சா, கம்ப்யூட்டர்ல அவங்க பேரு விழும். விழுந்த கையோட, மனுஷன் கை படாம, எங்க ரெண்டு பேர்ல ஒருத்தி போன்ல ‘இவரைக் கூப்பிடு’ன்னு ஒரு வேலை வந்து உக்காரும். அதுக்கு முதலாளியம்மா மாசம் இருபது டாலர் அழறாங்க… குத்தம் சொல்லலையே! அருமையான முடிச்சு. நான் கேக்கறது ஒண்ணுதான். அந்த வேலை எப்பப் பாத்தாலும் ஒருத்தி மடியிலேயே ஏன் போய் உக்காருது?

… யாரு மடியா? ம்ம், பச்சைப்புள்ளை, ஒண்ணும் தெரியாது. என்கூட வேலை பாக்கறாளே, அந்த டுஃபியே மடியிலதான்!

… சிரிக்காதீங்க. காலையில என்ன நடந்துச்சு தெரியுமா? பன்டாமாவுல ஒரு பெரிய காரியம். ஐம்பது பந்தல், ஆயிரத்து இருநூறு சேர். கேட்டது யாரு? ஒபெங்! சர்ச்சுல எனக்கு முன்னாடி பெஞ்சுல உக்காந்து பிரசங்கம் முழுக்கக் குறட்டை விடுவாரே, அதே ஒபெங். அந்த முதுகை நான் ஏழு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். அந்த முதுகு எனக்குச் சொந்தம். அது அவ பட்டியல்ல போய் விழுது!

… தற்செயலா? கேளுங்க கணக்கை. மூணு மாசத்துல அவளுக்கு அறுபத்திரண்டு. எனக்கு? நாலு, அதுவும் கடைப் போனை நான் எடுத்ததால. அதுல ஒருத்தர் தப்பான நம்பர்… இல்ல, நான் கத்தல. இதுதான் என் சாதாரணக் குரல். கல்யாணத்துக்கு முன்னாடி இனிமையா இருக்குன்னு சொன்னீங்களே, அதே குரல்.

… எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? முடிச்சுப் போட்டப்ப அவளுக்கு நாப்பது நிமிஷம் வீடியோவுல சொல்லிக் குடுத்தீங்க. எனக்கு என்ன சொன்னீங்க? ‘விளக்கம் அனுப்பியிருக்கேன், படிச்சுக்கோ.’ அவளுக்கு வேலை வந்தா அழகா மணி அடிக்குது, டிங் டிங்னு, சர்ச்சு மணி மாதிரி. எனக்கு வந்தா எலி பொட்டியைச் சுரண்டற மாதிரி ஒரு சத்தம்… அதை நானே மாத்திக்கலாமா? ஏன், அவ மணியை அவளேவா மாத்திக்கிட்டா?… ஓ, நீங்க மாத்திக் குடுத்தீங்க. கேட்டா, குடுத்தீங்க. சரி. குறிச்சு வச்சுக்கறேன்.

… அண்ணேன்னுதான் கூப்பிடுவாளா! குமாசியில ‘அண்ணே’ன்னு ஆரம்பிச்ச எத்தனை கதைக்கு நான் பந்தல் போட்டிருக்கேன், உங்களுக்குத் தெரியுமா? முதல்ல அண்ணே, அப்புறம்…

இருங்க. லைன்லயே இருங்க. வாயைத் திறக்காதீங்க… என்னடி தங்கம் டுஃபியே! சாப்பிட்டியா?… எனக்கா? வாச்சே சோறா? ஐயோ, எதுக்கும்மா உனக்குச் செலவு… இல்ல இல்ல, சும்மா வீட்டுல பேசிக்கிட்டிருக்கேன். அவர்தான்… சொல்றேன்மா, கேட்டதாச் சொல்றேன். சடை புதுசா? அழகா இருக்குடி, முகமே தெரியல… போயிட்டு வா கண்ணு.

போயிட்டா. கேட்டீங்கல்ல? உங்களைக் கேட்டதாச் சொல்லணுமாம்! வாச்சே வாங்கிக் குடுத்து மயக்கப் பாக்கறா. ரெண்டு முட்டை வச்சிருக்கா. பாவம் செஞ்சவளுக்குத்தான் ரெண்டாவது முட்டை வைக்கத் தோணும்.

… யாவ்! யாவ் பரிமா! அந்த வெள்ளைத் துணியை ஏன்டா லாரியில ஏத்தற? நாப்பது வயசுல போன மனுஷனுக்கு வெள்ளை கட்டினா வீட்டுக்காரங்க உன்னைக் கட்டிப் போட்டுடுவாங்க. கறுப்பும் சிவப்பும் எடு! வெள்ளை, வாழ்ந்து முடிச்ச ஞாயித்துக்கிழமை கிழவிக்கு… ஆங், சொல்லுங்க. எங்க விட்டேன்?… ஆமா, உங்க அண்ணன் தங்கச்சி பாசத்துல.

… ஏன் இன்னைக்குன்னா, இன்னைக்கு மூணு மணிக்கு முதலாளியம்மா வர்றாங்க. மாம்போங்ல புதுக் கடை திறக்கறோம்ல, அதோட சாவி யாருக்குன்னு பட்டியலைப் பாத்து முடிவு பண்ணப் போறாங்களாம். ஒருத்திக்குச் சாவி. இன்னொருத்தி அவளுக்குக் கீழ வேலை… ஆமாங்க, கீழ! பதினாலு வருஷம் இந்தக் கடையில சேர் எண்ணினவ நான். நாளைக்கு ‘டுஃபியே மேடம், இன்னைக்கு எத்தனை சேர் ஏத்தட்டும்’னு அந்தச் சடைகிட்டக் கேக்கணும். அதுக்கு நானே ஒரு பந்தலுக்குள்ள போய்ப் படுத்துக்குவேன். சேர் வாடகைகூட மிச்சம்.

… இப்பவா? மணி ரெண்டு பத்து… எதுக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரணும்?… அந்த விதியை நானே படிக்கணுமா? படிக்கறேன். அதுல ‘அழகா இருக்கறவளுக்குக் குடு’ன்னு எழுதியிருந்தா, உங்க துணிமணி சனிக்கிழமை கெஜெட்டியா சந்தையில ஏலத்துக்கு வரும், சொல்லிட்டேன்.

உக்காந்துட்டேன்… மேல, வலது பக்கம்… ஆங், இருக்கு. ‘புது விசாரிப்பு வந்தால்’… சரி… ‘திறந்த வேலைகள் யாரிடம் குறைவாக இருக்கின்றனவோ அவருக்குக் கொடு.’… அப்புறம்?… அவ்வளவுதானா? கீழ ஒண்ணும் இல்லையே. டுஃபியே பேரே இல்லையே.

… இல்லைங்க, ஏமாத்தமா இல்ல. பதினோரு மாசமா சந்தேகப்பட்டவளுக்கு ஒரு மரியாதைக்காவது பேரு இருக்க வேண்டாமா?

… என் பட்டியல்ல திறந்தது எத்தனையா? இருங்க. எண்பத்தேழு. கடைப் போன்ல, நேர்ல வந்து என்னைக் கேட்டவங்க எல்லாம் விதி பாக்காம என்கிட்டதானே விழுவாங்க… ஏன் அப்படி மூச்சு விடறீங்க?… அவளுதா? பூஜ்யம்… முடிஞ்சதா? அவளுக்கு இருநூத்திப் பதிமூணு. எனக்கு ஒண்ணு… ஆமா, ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு… அதெல்லாம் வேலை நடக்காம இல்ல! எல்லா வீட்டுக்கும் போனேன், எல்லாப் பந்தலும் போட்டேன், எல்லா சேரும் திரும்பி வந்துச்சு, ரெண்டு கால் உடைஞ்சதைத் தவிர.

… அப்ப ஏன் டிக் போடலைன்னா… போடலை. அவ்வளவுதான்… மறதி இல்ல. எனக்கா மறதி? உங்க அக்கா நம்ம கல்யாணத்துல என் துணியைப் பத்திச் சொன்னது வரைக்கும் ஞாபகம் இருக்கு.

… சொன்னா சிரிப்பீங்க… சிரிப்பீங்க, எனக்குத் தெரியும்… சத்தியமா?… சரி. அந்த டிக்கைத் தொட்டா என்ன ஆகுது? பேருக்குக் குறுக்கே ஒரு கோடு விழுது. ‘க்வாமி ஒபெங்’னு எழுதி, அதும் மேல நீளமா ஒரு கோடு. உசுரோட இருக்கற மனுஷன்! நம்ம தொழில்ல பேரு மேல கோடு விழறது ஒருத்தருக்குத்தாங்க. பந்தலுக்குள்ள படுத்திருக்காரே, அவருக்கு. சேர் கேட்டு வந்தவனையும் சேர்த்து அடிக்கறது என்ன நியாயம்?

… சத்தியம் பண்ணீங்க! சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க!

… அந்த ஒண்ணைக் கேளுங்க அப்ப. அம்போன்சா பாட்டி. டாஃபோவுல, தன் தம்பி காரியத்துக்கு முந்நூறு சேர் எடுத்தா. தங்கமான கிழவி, ஒரு சேர்கூட அழுக்காகாமத் திருப்பி அனுப்பினா. நீங்க சொல்லிக் குடுத்தபடி, நானும் பெரிய கம்ப்யூட்டர்க்காரி மாதிரி, டிக் போட்டேன். கோடு விழுந்துச்சு. பதினஞ்சாம் நாள் அவ மகன் வந்து நிக்கறான், கறுப்புத் துணியில. ‘அம்மா போயிட்டாங்க, நானூறு சேர் வேணும்.’ ரசீதுல தப்பா அவ பேரையே எழுதிட்டேன், அதை அடிச்சுத் திருத்தக்கூட மனசு வரல. அன்னைக்கு டிக்குல இருந்து எடுத்த கைதான்.

… அவளுக்குத் தொண்ணூத்தொண்ணு வயசுங்கறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் கோடு போடற வரைக்கும் தொண்ணூத்தொண்ணு வருஷம் நல்லாத்தானே இருந்தா!

… சரி, அப்படியே வச்சுக்குங்க, நான் மடச்சி. ஆனா நான் போற வீட்டுல எப்படி நடந்துக்கறேன்னு தெரியும்ல? வரிசையா எல்லார் கையையும் பிடிச்சு, உக்காந்து, அவங்க குடுக்கற தண்ணியைக் குடிச்சு, ‘வந்த சேதி என்ன’ன்னு பெரியவர் கேக்கற வரைக்கும் சேர்னு ஒரு வார்த்தை வாயில வராது. அவ? பஸ்ஸுல தொங்கிக்கிட்டே குரல் செய்தி அனுப்பறா. ‘ஆழ்ந்த அனுதாபம், எத்தனை சேர்?’ வேண்டாம்னு சொன்னா அடுத்த நிமிஷம் டிக். கோடு. போய்ச் சேர்ந்தான். இருநூத்திப் பதிமூணு பேரை அடிச்சிட்டு சடை பின்னிக்கிட்டுத் திரியறா. ஊருல இவ்வளவு காரியம் ஏன் நடக்குதுன்னு இப்பத்தான் புரியுது.

… ம்… ம்… இருங்க, மெதுவாச் சொல்லுங்க. அதாவது, அவளுக்கு எல்லாம் போறதுக்குக் காரணம், என் பட்டியல் நிறைஞ்சு கிடக்குது. நான் மூச்சுவிட நேரமில்லாம இருக்கேன்னு நினைச்சு, அது எனக்கு… பாவம் பாத்துச்சா?… கம்ப்யூட்டர் என்மேல பாவம் பாத்துச்சு. கட்டின புருஷன் பாக்காத பாவம்.

… இல்லைங்க. முடியாது. சாவி போனாலும் பரவாயில்ல, எண்பத்தேழு பேரை என் விரலால அடிக்க மாட்டேன்… மாட்டேன்னா மாட்டேன். மணி என்ன? ரெண்டு இருபத்தஞ்சு. முடிஞ்சுது என் கதை. அவ டிங் டிங்னு மாம்போங் போகட்டும். நீங்களும் போங்க, திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டுங்க.

… என்ன மாத்தலாம்?… பேரை எடுத்துட்டு?… சேரை வைக்கலாமா! அதாவது ‘ஒபெங்’னு வராம ‘ஆயிரத்து இருநூறு சேர்’னு வரும், பேரு உள்ள, கீழ, பத்திரமா இருக்கும். கோடு சேர் மேலதான் விழும்… அட, சேர் செத்தா எனக்கென்ன! நானே வாரம் ரெண்டைச் சாகடிக்கறேன்… பழசுக்கும் மாறுமா?… அங்க இருந்தே பண்ணிடுவீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க, ஏன் பேசிக்கிட்டே இருக்கீங்க?

… ஒரு விஷயம். மாத்தறதுதான் மாத்தறீங்க, அடியில மொத்த சேர் எத்தனைன்னு ஒரு கூட்டுத்தொகையும் போட்டு விடுங்க… ரெண்டு பேருக்கும்தான். எனக்கு மட்டும் போட்டா நல்லா இருக்காது… நான் எதையும் திட்டம் போடல. கேட்டா குடுக்கற மனுஷனாச்சே நீங்க, மணி கேட்டவளுக்கு மணி. நான் கூட்டுத்தொகை கேக்கறேன்.

இருக்கேன், இருக்கேன். லைன்லதான்… வாச்சே சாப்பிடறேன். வீணாப் போகக் கூடாதுல்ல… முட்டை நல்லாத்தான் இருக்கு.

… ஏங்க! மாறுதுங்க! மேல இருந்து ஒண்ணு ஒண்ணா… நானூறு சேர்… இருநூத்தம்பது சேர்… அறுநூறு, அது சுவாமே போலீஸ்காரர் காரியம், எனக்குத் தெரியும், மழை பெஞ்சுச்சு… ஐயோ, கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு! ஒரு மனுஷன் இல்ல, பூரா சேர்… கீழ கூட்டுத்தொகையா? முப்பத்தோராயிரத்து நானூறு. என்னுதா? நானா இவ்வளவு சேர் தூக்கினேன்? அதான் இந்த இடுப்பு!

அவளுதைப் பாக்கறேன்… அவளுதும் மாறிடுச்சு. முந்நூறு… பூஜ்யம் சேர்… பூஜ்யம்… பூஜ்யம்… நூறு… பூஜ்யம்… ஹ ஹ ஹா! பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்! வேண்டாம்னவங்களையெல்லாம் அடிச்சு வச்சிருக்கா! மொத்தம் ஒம்பதாயிரம். என் கர்த்தரே, நீர் நல்லவர்.

… குதிக்கல, உக்காந்துதான் இருக்கேன்… ஆமா, இப்ப எல்லாத்தையும் மொத்தமா டிக் போட்டுடுங்க. எண்பத்தேழும்… நிறுத்துங்க! நிறுத்துங்க, கையை எடுங்க! ஒண்ணு மாறல. கடைசியில ஒண்ணு பேராவே நிக்குது… இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்… ‘குவாசி போவாடு. போன் பண்ணு.’

… இது நீங்க. உங்க பேரு என் பட்டியல்ல என்ன பண்ணுது?… சோதனையா? முதல் நாள் நீங்களே கையால போட்டுப் பாத்தீங்களா, வேலை போய்ச் சேருதான்னு… கையால போட்டதால மாறல. சரி… ரெண்டு பேருக்கும் போட்டீங்களா. ரெண்டு பேருக்கும்னா?

… கொஞ்சம் பேசாம இருங்க.

… பேசாம இருங்கன்னேன். அவ பட்டியல்ல தேடறேன்… பூஜ்யம்… பூஜ்யம்… இருக்கு. இருக்குங்க. ‘குவாசி போவாடு. போன் பண்ணு.’ குறுக்கே கோடு… கோடுங்க! அவ உங்களை அடிச்சிருக்கா! முதல் நாளே! போன வருஷத்துல இருந்து நான் கோடு விழுந்த புருஷனுக்குச் சோறு போட்டுக்கிட்டிருக்கேன்!

… எப்படிச் சும்மா? மார்ச்சுல மலேரியா வந்துச்சே, எதனால?… கொசுவாலயா! கனேஷியில பைக்குக்காரன் இடிச்சானே, அதுவும் கொசுதானா?… சோதனைக்குப் போட வேற பேரே கிடைக்கலையா உங்களுக்கு? ஊருல பூனை இல்ல, நாய் இல்ல? ‘போன் பண்ணு’ன்னு உங்க பேரை எழுதி ஒரு வயசுப்பொண்ணுகிட்டக் குடுத்திருக்கீங்க. அவ போன் பண்ணினா, பேசினா, டிக் போட்டா, முடிஞ்சுது… ஆமா, அதான் கேக்கறேன், அவ அன்னைக்கே முடிச்சிட்டா… அப்புறம் உங்களுக்குப் போனே பண்ணலையா?… மணி மாத்த ஒரு தடவை. அவ்வளவுதானா?… ம்.

… என்னுதா? என்னுதுல எப்படி இருக்கு? அப்படியே இருக்கு. திறந்தபடி. ‘பதினோரு மாதம் தாமதம்’னு சிவப்புல எழுதியிருக்கு… ஆமா, நான் அடிக்கல. எண்பத்தேழுல உங்களையும் அடிக்கல… தெரிஞ்சு செய்யல, சும்மா பெருமைப்படாதீங்க. கவனிக்கவே இல்ல… சரி, கவனிச்சிருந்தாலும் அடிச்சிருக்க மாட்டேன். போதுமா? இதுக்கு ஒரு தனிச் சிரிப்பா?

சேரை மட்டும் அடிங்க. எண்பத்தாறு… போட்டுட்டீங்களா?… ஆங், விழுது. கோடு கோடா விழுது… ஒண்ணும் ஆகல. யாரும் சாகல. யாவ் மட்டும் இருமறான், அது சிகரெட்டு.

… இல்ல, அந்த ஒண்ணு வேண்டாம்… தெரியுதுங்க. அவகிட்ட பூஜ்யம், என்கிட்ட ஒண்ணு. விதிப்படி அடுத்த விசாரிப்பும் அவளுக்குத்தான் போகும்… அழிச்சிடறதா? அடிக்கறதைவிட மோசம் அது! சமாதிகூட மிஞ்சாது… உங்களையும் சேரா மாத்தணுமா? வீட்டுக்கு வந்தா எப்படியும் சேர் மாதிரிதான் கிடக்கறீங்க, கம்ப்யூட்டர்லயாவது மனுஷனா இருங்க… இருக்கட்டும்ங்க. என் நேரம், என் பட்டியல். ஒண்ணு திறந்தே இருக்கட்டும்.

… கேட்டுச்சா? டிங் டிங். சொன்ன வாய் மூடல, அவளுக்குப் போயிடுச்சு… போகட்டும். இப்ப அவகிட்டயும் ஒண்ணு, என்கிட்டயும் ஒண்ணு. சரிக்குச் சரி. இருபது டாலர்னு சொன்னேன்ல, வாபஸ். நீங்க ஒரு விசாரிப்புக்குச் சமம். சின்னதா, இருநூறு சேர் அளவுக்கு.

… சனிக்கிழமை வர்றீங்கல்ல? நாலு மணி வண்டியில ஏறுங்க. பைக்ல வராதீங்க. கோடு விழுந்த ஆளு நீங்க, ஒரு பாதிரியாரைப் பாத்துட்டு வாங்க… சரி, பாக்க வேண்டாம், நேரா வீட்டுக்கு வாங்க…

ஏங்க, முதலாளியம்மா கார் வந்துடுச்சு. வைக்காதீங்க, போனைப் பைக்குள்ள போட்டுக்கறேன், மூச்சு விடாம இருங்க… வாங்கம்மா, வணக்கம்மா. உக்காருங்க, தண்ணி குடிங்க… ஆமாம்மா, இதுதான் பட்டியல். சேர் கணக்கு இப்பப் புதுசா வருதும்மா, அடியில… ஆமா, முப்பத்தோராயிரத்து நானூறு… அது டுஃபியேவோடதும்மா. நல்ல பொண்ணு, கடுமையா உழைப்பா. பூஜ்யமெல்லாம் எதுக்குன்னு அவளைத்தான் கேக்கணும்…

கையையா? எதுக்கும்மா கையை நீட்டணும்?… ஓ… அம்மா… இது மாம்போங் கடைச் சாவிதானே… சரிம்மா. சரிம்மா. நாளைக்கே போய்ப் பாக்கறேன்.

என்னம்மா?… ஆமா, எண்பத்தேழு இருந்துச்சு. எண்பத்தாறு முடிச்சாச்சு. ஒண்ணு பாக்கி… ஆமா, பதினோரு மாசத் தாமதம்னுதான் காட்டுது, அது தப்பும்மா… யாரா? வாடிக்கைக்காரர்தான். அக்ராவுல இருக்கார். பத்தொம்போது வருஷமாப் பேரம் பேசறேன், இன்னும் படியல… இல்லம்மா, அடிக்க வேண்டாம். அந்த ஒண்ணு பாக்கியாவே இருக்கட்டும்.